நான்கு வகை கம்ப்ரஸர்கள்: பல வருடம் புழங்கியதில் தெரிந்தது

ஒலிப்பதிவில் சத்தம் ஏறும் இடங்களை அழுத்தி, ஏற்ற இறக்கத்தைக் குறைக்கும் கருவிதான் கம்ப்ரஸர். குரலுக்கு ஆப்டோ, டிரம்ஸுக்கு எஃப்.இ.டி. (ஒரு வகை டிரான்சிஸ்டர்), மொத்த மிக்ஸுக்கு வி.சி.ஏ. (மின்னழுத்தத்தால் ஒலி அளவை மாற்றும் சுற்று) என்று ஒரு மனப்பாடப் பட்டியல் எங்கும் சுற்றுகிறது. பட்டியல் தப்பில்லை. ஆனால் காரணம் தெரிந்தால்தான் எப்போது அதை மீறலாம் என்றும் தெரியும். பெரும்பாலும் ப்ளக்-இன் (கணினி மென்பொருள்) வடிவில் இவற்றைப் பல வருடம் புழங்கியதில் எனக்குப் பிடிபட்டது இதுதான்: கம்ப்ரஸரின் குணம், அழுத்திய ஒலியை அது எப்படி விடுகிறது என்பதில் இருக்கிறது. அட்டாக் (அழுத்தத் தொடங்க எடுக்கும் நேரம்) பற்றிப் பேசும் அளவுக்கு ரிலீஸ் (அழுத்தியதை விட எடுக்கும் நேரம்) பற்றி யாரும் பேசுவதில்லை.

ஆப்டோவில் நான் அதிகம் நம்புவது எல்ஏ-2ஏ. வரும் சிக்னல் உள்ளே ஒரு சிறு ஒளிப்பலகையை எரிய வைக்கும். அந்த வெளிச்சம் பட்டு ஒளி உணரும் மின்தடையின் அளவு மாற, ஒலி குறையும். அட்டாக் சராசரியாக 10 மில்லிசெகண்ட். அழகு ரிலீஸில்தான். பாதி சுமார் 60 மில்லிசெகண்டில் திரும்பிவிடும். மீதி திரும்ப 1 முதல் 15 செகண்ட் வரை ஆகலாம். எவ்வளவு நேரம், எவ்வளவு பலமாக அழுத்தினோம் என்பதைப் பொறுத்தது அது. அதனால் நீண்ட சங்கதிகளில்கூட கை வைத்த தடம் தெரிவதில்லை. வேகமான டிரம்ஸில் மட்டும் வேண்டாம். அடி முன்னால் போய்விடும், இது பின்னால் வரும்.

1967-ல் அமெரிக்க ஒலிப் பொறியாளர் பில் புட்னம் கொண்டுவந்த 1176 எஃப்.இ.டி. வகை, ஆப்டோவுக்கு நேர் எதிர். அட்டாக் 20 முதல் 800 மைக்ரோசெகண்ட். அதன் மிக மெதுவான அட்டாக்கே ஒரு மில்லிசெகண்டைத் தொடாது. அட்டாக், ரிலீஸ் குமிழ்களை வலப்பக்கம் திருப்பினால் வேகம் கூடும் என்பதை நினைவில் வையுங்கள். எந்த அளவுக்கு மேல் அழுத்த வேண்டும் என்று சொல்லும் த்ரெஷோல்டு குமிழே இல்லை, இன்புட்டை ஏற்ற ஏற்ற அழுத்தம் ஏறும். ரிலீஸை 50 மில்லிசெகண்டுக்குக் கொண்டுபோனால் மூச்சும் அறையின் எதிரொலியும் மேலே வந்து குரல் முகத்துக்கு நேரே நிற்கும். இதே அமைப்பை பேஸ் கிட்டாரில் வைத்தால் கரகரக்கும். 50 ஹெர்ட்ஸ் அலையின் ஒரு சுற்றே 20 மில்லிசெகண்ட். கம்ப்ரஸர் அலையின் வடிவத்தையே துரத்தத் தொடங்கிவிடுகிறது. சில பாடல்களுக்கு அந்தக் கரகரப்பும் வேண்டும்தான்.

குரலில் நான் இரண்டையும் வரிசையாகப் போடுகிறேன். முதலில் 1176 திடீரென எகிறும் முனைகளை மட்டும் தட்டும், பிறகு எல்ஏ-2ஏ சமன் செய்யும். ஒன்றையே கசக்குவதைவிட இரண்டும் கொஞ்சம் கொஞ்சமாக வேலை செய்வது இயல்பாகக் கேட்கும்.

வி.சி.ஏ. வகை சொன்னதைச் செய்யும், தன் நிறத்தை அதிகம் பூசாது. மொத்த மிக்ஸில் ரேஷியோ (த்ரெஷோல்டைத் தாண்டிய ஒலி எத்தனையில் ஒரு பங்காகக் குறையும் என்பது) 2, அட்டாக் 30 மில்லிசெகண்ட், ரிலீஸ் ஆட்டோ, மீட்டரில் அழுத்தம் 2 டெசிபலுக்கு மேல் போகக் கூடாது. கிக் விழும்போதெல்லாம் பாட்டு அமுங்கினால் சைடுசெயினில் (எப்போது அழுத்துவது என்று முடிவெடுக்கக் கம்ப்ரஸர் கேட்கும் சிக்னலில்) கீழ் அதிர்வெண்களை வெட்டுங்கள்.

நான்காவதான வேரி-மியூ, வால்வு (வெற்றிடக் குழாய்) வகை. ஃபேர்சைல்டு 670-ல் மட்டும் 20 வால்வுகள். அழுத்த அழுத்த ரேஷியோ தானே கூடுவதால் மிக்ஸின் ஒலிகளை மெதுவாக ஒட்டவைக்கும். நான் குறைவாகத்தான் எடுப்பேன்.

எதை எடுத்தாலும் அவுட்புட்டைக் குறைத்து, பைபாஸ் செய்தாலும் (கம்ப்ரஸரை விலக்கினாலும்) அதே அளவு கேட்கும்படி வைத்துவிட்டு ஒப்பிடுங்கள். சத்தம் கூடினாலே நன்றாக இருப்பதாகக் காது நம்பிவிடும். பிறகு ஒவ்வொரு சொல்லின் வாலையும் கேளுங்கள். ரிலீஸ் அங்கேதான் பிடிபடும்.