ஏ7 த்ரீயும் பற்றரிப் பெட்டியில் இருந்த இரண்டு ஸ்டிக்கரும்

புதுக்குடியிருப்பில் இருந்து ஒரு தம்பி போன கிழமை கேட்டான், "அண்ணை, டொலர் 300 ரூபாய்க்கு இறங்கி வந்திட்டுதெல்லே, இப்ப கமரா வாங்கலாமோ?" வட்ஸ்அப்பில் பதில் போடத் தொடங்கி அது நீண்டுகொண்டே போனது, அதனால் முழுதாகவே எழுதிவிடுகிறேன். அவன் கேட்ட நேரமும் அப்படி. என்னுடைய கமராவைத் திருத்தி எடுத்துக்கொண்டு கொழும்பில் இருந்து கிளிநொச்சிக்கு வந்து இரண்டு நாள்தான், பில் இன்னும் மேசையில் கிடக்கிறது.

என்னுடையது சோனி ஏ7 த்ரீ. 2021 நவம்பரில் வாங்கினேன், நாலு வருடம் ஆகப் போகிறது. அதன் விபரம் எல்லாம் கலியாணவீடு, சாமத்தியவீடு என்று படம் எடுக்கிற இந்தத் தொழிலில் இருக்கிற எல்லாருக்கும் தெரியும். நான் சொல்ல வேண்டியது அதன் பற்றரியை. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளுக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டினார்களே, அந்தக் கிழமை எனக்குத் தருமபுரத்தில் ஒரு சாமத்தியவீடு. முதல்நாள் இரவு ஒரு பற்றரியைத்தான் முழுதாகச் சார்ஜ் போட முடிந்தது. ஜெனரேட்டர் இருந்தது, டீசல் இல்லை. விடியத் தண்ணீர் வார்ப்பதில் தொடங்கி, ஆராத்தி, சொந்தக்காரர் வரிசை வரிசையாக வந்து நின்ற படங்கள், பின்னேரம் வாய்க்கால் கரையில் பிள்ளையைத் தனியாக நிறுத்தி எடுத்தது வரைக்கும் அந்த ஒரு பற்றரிதான். முடித்துப் பார்க்க இன்னும் 18 வீதம் மிச்சம். பழைய கமராவுக்கு நாலு பற்றரியைப் பையில் போட்டுக்கொண்டு திரிந்தவன் நான், அன்றைக்கு அந்தக் கமராவைத் துடைத்துப் பெட்டிக்குள் வைக்கும்போது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

சரி, விலைக்கு வருவோம்.

இந்தக் கமரா 2018இல் வந்தபோது பொடி மட்டும், அதாவது லென்ஸ் இல்லாமல், 2000 டொலர். டொலர் 200 என்றால் 4 லட்சம், 360 என்றால் 7 லட்சத்து 20 ஆயிரம். வரியைச் சேர்க்காமலே இந்தக் கணக்கு. 2022 மார்ச் முதல் கிழமை வரை மத்திய வங்கி டொலரை 200 சொச்சத்தில் பிடித்து வைத்திருந்தது, விட்ட பிறகு மே மாதத்தில் 360. அந்த இரண்டு மாதத்துக்குள் அகப்பட்டவர்களில் நானும் ஒருவன். விசுவமடுப் பக்கம் தை மாதம் ஒரு கலியாணவீடு எடுத்திருந்தேன், மிச்சக் காசு காலபோகம் வெட்டி நெல் விற்றதும் தருவதாகப் பேச்சு. அது 2021இல் அரசாங்கம் போட்ட இரசாயனப் பசளைத் தடைக்குப் பிறகு வந்த போகம். விளைச்சலைக் கண்ணால் பார்த்துவிட்டு அந்த மனிசனிடம் போய்க் காசு கேட்க எனக்கு வாய் வரவில்லை. அந்தக் காசில் ஒரு 28-75 லென்ஸ் வாங்குவதாக இருந்தேன். பெப்ரவரியில் கேட்டபோது 185,000. காசு கைக்கு வந்து மார்ச் கடைசியில் எடுத்துக் கேட்டால், "விலை சொல்ல ஏலாது அண்ணை, காசோட வாங்கோ, வாற நேரத்து விலை" என்கிறார் கடைக்காரர்.

மே மாதம் இன்னொரு பற்றரி மட்டுமாவது வாங்குவோம் என்று போனேன். 27,900. பெட்டியைத் திருப்பினால் ஸ்டிக்கரின் ஓரம் தடிப்பாக இருந்தது. நகத்தால் மெல்லக் கிளப்பிப் பார்த்தேன், அடியில் பழைய ஸ்டிக்கர், 15,500. பழைய டொலருக்கு வந்த சாமான் என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை. கேட்டேன். அவர் ஒளிக்காமல் சொன்னார்: "இதை நான் 15,500க்குத் தந்தால் அந்தக் காசுக்கு எனக்கு 43 டொலர்தான் வரும், அடுத்த பற்றரியை இறக்க 78 டொலர் வேணும், நான் எப்படிக் கடை நடத்துறது?" யோசித்துப் பார்த்தால் நியாயம்தான். அந்த நேரம் வங்கிகளில் எல்சி (இறக்குமதிக்கு வங்கி கொடுக்கிற உத்தரவாதக் கடிதம்) திறக்க டொலர் இல்லை, இறக்குமதிக்காரர் பட்ட பாடும் எனக்குத் தெரியும். ஒன்றும் பேசாமல் காசைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

அந்த நியாயத்தை நான் ஏற்றுக்கொண்டதால்தான் இப்போது எனக்கு இவ்வளவு கோபம் வருகிறது. இந்த 2025 வைகாசியில் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குப் போனபோது சனநெருக்கத்தில் ட்ரைபொட் சரிந்து கமராவின் திரை வெடித்துவிட்டது. திருத்தக் கொண்டுபோன இடம் வேறு, பில்லைப் பார்த்துவிட்டு டொலர் இப்போது 300தானே என்று கேட்டேன். "இந்தத் திரை 2022இல் இறக்கினது, 360க்கு வாங்கினதை நாங்கள் நட்டத்துக்கோ விற்கிறது?" என்றார்கள். ஏறும்போது நாளைக்கு வாங்கப்போகிற விலை, இறங்கும்போது நேற்று வாங்கின விலை. கடை வேறாக இருந்தாலும் இரண்டு தரமும் காசு கொடுத்தவன் நான்தானே. இரண்டில் ஏதாவது ஒரு கணக்கைப் பிடித்துக்கொண்டு நில்லுங்கள் என்று சொல்லிவிட்டுத்தான் வந்தேன்.

டொலர் இறங்கியும் புதுச் சாமானின் விலை முழுதாக இறங்காததற்கு வரியும் காரணம், அதைக் கடைக்காரரின் தலையில் போடக்கூடாது. வற் என்கிற பெறுமதி சேர் வரி 2022 தொடக்கத்தில் 8 வீதம், 2024 ஜனவரியில் இருந்து 18. சுங்கத்தில் டொலர் விலையை ரூபாயாக்கித்தான் வரி போடுவார்கள், அதனால் வீதம் அப்படியே இருந்தாலும் டொலர் ஏறினால் வரிக் காசும் தன்பாட்டில் ஏறும். ஜப்பான் காசான யென் விழுந்ததும் எங்களுக்கு உதவவில்லை. 2022 தொடக்கத்தில் ஒரு டொலருக்கு 115 யென், 2024 நடுவில் 160ஐத் தாண்டியது, ஜப்பான் சாமான் இனி மலியும் என்று எங்கள் மாமா ஆசை காட்டினார். ஜப்பானுக்குள் போய் வாங்குகிறவருக்கு அது மெய்தான். எங்களுக்கு வருவது சிங்கப்பூர், டுபாய் வழியாக, டொலர் பில்லோடு.

அப்புறம் பழைய கமராவும் டொலரோடுதான் ஓடுகிறது. 2022 கடைசியில் ஒருவர் என்னுடைய கமராவுக்கு, ஒரு வருடம் கிரவல் றோட்டுப் புழுதி தின்றதற்கு, 4 லட்சத்து 60 ஆயிரம் தருவதாகச் சொன்னார். நான் வாங்கினதை விடக் கூட. விற்றிருந்தால் அடுத்த கலியாணவீட்டுக்கு எதைக் கொண்டு போவது?

ஆக தம்பி, இவ்வளவு நல்ல கமரா என்று எழுதிவிட்டு நானே சொல்கிறேன், இப்போதைக்கு நீ வாங்காதே. கலியாணத்துக்குப் பேசுகிற காசை ஆறு மாதத்துக்கு முதலே ரூபாயில் பேசுகிறோம், அதுவும் நெல் விற்றுத்தான் வரும். கடன் எடுத்து வாங்கின பிறகு டொலர் திரும்ப ஏறினால் லென்ஸ், பற்றரி, ஆல்பத் தாள் எல்லாம் ஏறும், நீ பேசின காசு ஏறாது. ஆவணியில் உனக்கு இருக்கிற இரண்டு கலியாணத்துக்கும் என்னுடையதை வந்து எடுத்துக்கொண்டு போ, திரை புதுசு. பற்றரி இரண்டும் தருகிறேன், அந்த 27,900 ரூபாய்ப் பற்றரியைப் பத்திரமாகக் கொண்டுவந்து தா.