ஓவனுக்கு மண்சட்டியா, கிளேஸ் பூசிய பாத்திரமா?

மீன்குழம்பு வைக்கிற நம்மூர் மண்சட்டியையும், கையால் வனைந்து கிளேஸ் (கண்ணாடி போன்ற பளபளப்புப் பூச்சு) பூசிய ஸ்டோன்வேர் பாத்திரத்தையும் பக்கத்தில் வைத்தால், ஓவனுக்கு இரண்டாவதுதான் உறுதி என்று தோன்றும். நான் மண்சட்டி பக்கம்.

மண்சட்டி பெரும்பாலும் 1000 பாகை செல்சியஸ் அளவிலோ அதற்குக் குறைவாகவோ சுடப்படுவது, அதனால் உடம்பெல்லாம் நுண்துளை. சூட்டில் விரியும்போது அந்தத் துளைகள் கொஞ்சம் இடம் கொடுக்கும், சின்ன வெடிப்பு விழுந்தாலும் சட்டென்று நீண்டு ஓடாது. ஆனால் அதே துளைகள் தண்ணீரையும் குடிக்கும். கழுவிய ஈரத்தோடு சூடான ஓவனுக்குள் தள்ளினால் உள்ளிருக்கும் நீர் ஆவியாகிச் சட்டியைப் பிளந்துவிடும். யாழ்ப்பாணத்து வெயிலில் ஒரு பகல் நன்றாகக் காய வைத்துவிட்டு எடுங்கள்.

ஸ்டோன்வேர் 1200 பாகைக்கு மேல் சுட்டு இறுகியது. புளி, எண்ணெய் எதுவும் ஊறாது, கழுவுவதும் சுலபம், அதில் மண்சட்டி தோற்றுத்தான் போகும். ஆனால் அந்த இறுக்கமே வினை, ஒரு பக்கம் சூடு மறுபக்கம் குளிர் என்றால் விரிசல்தான். சில களிமண்ணில் சூளையிலேயே கிறிஸ்டோபலைட் என்ற சிலிக்கா படிகம் உருவாகிவிடும், அது 220 பாகை வாக்கில் திடீரென விரியும், பாண் சுடுகிற சூடும் கிட்டத்தட்ட அதுதானே! ஓவனுக்கென்றே செய்ததா என்று வனைந்தவரிடம் கேட்காமல் வாங்காதீர்கள்.

எங்கே செய்தது என்று தெரியாத பளபளப்புப் பூச்சுச் சட்டி வேண்டவே வேண்டாம். பூச்சில் ஈயம் இருந்தால் புளிக்கறியில் இறங்கும்.

எதுவானாலும் குளிர்ந்த ஓவனில் வைத்து மெல்லச் சூடேற்றுங்கள், எடுத்ததும் ஈரக்கல்லில் வைக்காமல் மரப்பலகையில் வையுங்கள்.