கேபிள் குல்லாவுக்கு எந்த நூல்: அக்ரிலிக்கா, மெரினோவா?

அக்கா மகள் மாண்ட்ரியலில் படிக்கிறாள். அவளுக்குக் கேபிள் டிசைன் (முறுக்கிய கயிறு போலப் புடைத்து நிற்கும் பின்னல்) போட்ட குல்லா பின்ன உட்கார்ந்தபோது, டிசைனைவிட நூலுக்குத்தான் அதிகம் யோசித்தேன். பாரிமுனையில் சுலபமாகக் கிடைக்கும் செயற்கை நூலான அக்ரிலிக் ஒரு பக்கம், ஆன்லைனில் வரவழைக்கும் சூப்பர்வாஷ் மெரினோ, அதாவது மெஷினில் துவைக்கும்படி பக்குவப்படுத்திய மெரினோ ஆட்டுக் கம்பளி, இன்னொரு பக்கம். நான் எடுத்தது மெரினோ.

விலையில் அக்ரிலிக்தான் ஜெயிக்கும், அதில் பேச ஒன்றுமில்லை. கடையில் உல்லன் என்று கேட்டால் பெரும்பாலும் அதைத்தான் கொடுப்பார்கள். லேபிள் இல்லாத உருண்டை என்றால் ஒரு துண்டைக் கொளுத்திப் பாருங்கள். கம்பளி, முடி கருகும் வாசனையோடு தானே அணைந்து, விரலில் நொறுங்கும் சாம்பலாகும். அக்ரிலிக் உருகிக் கெட்டி மணியாக நிற்கும்.

புடைத்த கேபிள்களுக்குள் காற்று தங்குவதால் இரண்டுமே கதகதப்புதான். ஆனால் கம்பளி தன் எடையில் 30 சதவீதம் வரை ஈரத்தை உறிஞ்சினாலும் தொட்டால் நசநசப்பதில்லை. வேகமாக நடந்து நெற்றி வியர்த்தாலும் சில்லிடுவதில்லை என்கிறாள். மைனஸ் இருபதில் நான் நின்றதில்லை, அதனால் இது அவள் சொன்ன சாட்சிதான்.

எனக்கு முடிவைச் சொன்னது துவைப்பு. "சித்தி, இங்க எல்லாத்தையும் ஒண்ணா மெஷின்ல போட்டுடுவோம்" என்றாள். சாதாரணக் கம்பளியை அப்படிப் போட்டால் இழையின் செதில்கள் ஒன்றையொன்று கவ்வி, குல்லா சுருங்கித் தடித்துவிடும். சூப்பர்வாஷில் அந்தச் செதில்களை ரசாயனத்தால் மழுக்கியோ பூச்சால் மூடியோ விடுகிறார்கள், அதனால் குளிர்ந்த தண்ணீரில் மென்மையான சுற்றுக்குத் தாங்கும். அக்ரிலிக்கும் மெஷினுக்குப் பயப்படாது, அதன் எதிரி சூடு. டிரையர் சூடு அதிகமானாலோ, இஸ்திரிப் பெட்டியோ ஆவியோ பட்டாலோ நூல் துவண்டுவிடும். பர்ல் தரையிலிருந்து (கேபிளைச் சுற்றியுள்ள புள்ளி புள்ளியான பின்னலிலிருந்து) கயிறாக எழுந்து நிற்கும் கேபிள் படுத்துவிடும், இழுத்தால் விரியும் ரிப் பின்னல் ஓரம் லொடலொடத்துக் காதை விட்டு நழுவும். அப்புறம் எதைச் செய்தாலும் மீளாது. கம்பளி நனைந்து காய்ந்ததும் பழையபடி இறுகிக்கொள்ளும். ஒவ்வொரு கேபிளையும் துணை ஊசியில் மாற்றி மாற்றி முறுக்கியிருக்கிறோம், அது ஒரே துவைப்பில் தட்டையாகிவிட்டால் வயிறு எரியாதா?

சூப்பர்வாஷிலும் ஒரு சிக்கல் உண்டு: நனைந்தால் நீளும். முதலில் சோதனைக்குப் பின்னும் சாம்பிள் துண்டைத் துவைத்துக் காயவைத்த பிறகே அளவெடுங்கள். தலைச் சுற்றளவு 56 செ.மீ. என்றால் குல்லா 50, 51 இருந்தால் போதும். ஈரத்தோடு கொடியில் தொங்கவிடாதீர்கள். டவலின் மேல் பரப்பி, ஃபேனுக்கடியில் காயட்டும். டிசம்பர் மழையில் இதற்கு ஒரு முழு நாளுக்கு மேலும் ஆகலாம்.

சென்னையிலேயே இருந்துகொண்டு எப்போதாவது ஊட்டி, கொடைக்கானல் போகிறவர்களுக்கு நான் அக்ரிலிக்கையே சொல்வேன். வருஷம் முழுக்க பீரோவில் கிடக்கப்போகும் குல்லா அது, அந்துப்பூச்சி அதைச் சீண்டாது. மெரினோதான் வேண்டும் என்றால் துவைத்து, நன்றாகக் காயவைத்து, இறுக்கி மூடும் டப்பாவில் வையுங்கள். வியர்வையும் எண்ணெயும் பட்ட இடத்தைத்தான் அந்தப் பூச்சியின் புழு முதலில் தின்னும்.