13 கண் பாலம்: மவுண்ட் போர்டா, சன் போர்டா?

செங்கோட்டை–புனலூர் ரயில் பாதையில் கழுதுருட்டியில் இருக்கிற, 13 வளைவுகள் (கண்கள்) கொண்ட கல் பாலத்தை மாடலாகச் செய்ய நானும் புனலூரில் இருக்கிற மச்சானும் ஒரே வாரத்தில்தான் உட்கார்ந்தோம். இரண்டு பேருக்கும் 1:87 அளவுதான், அதாவது நிஜத்தில் 87-இல் ஒரு பங்கு; பாலம் மேஜையில் நாலடியை ஒட்டி வரும். 1904-இல் ரயில் ஓட ஆரம்பித்த மீட்டர் கேஜ் (தண்டவாள இடைவெளி ஒரு மீட்டர்) காலத்துப் பாலம் என்பதால் மாடலில் 12 மில்லிமீட்டர் இடைவெளித் தண்டவாளம். நான் மவுண்ட் போர்டு என்கிற கெட்டி அட்டையை எடுத்தேன், அவன் சன் போர்டு என்கிற நுரைப் பலகையை.

தெர்மாகோல் பேச்சே வேண்டாம். ஸ்ப்ரே பெயின்ட் பட்டால் கரைந்து குழி விழும். தெரிந்தும் ஒரு தூணில் அடித்துப் பார்த்தவன் நான்.

வெட்டுவதில் மவுண்ட் போர்டை அடிக்க ஆளில்லை. புது பிளேடு போட்டு, அழுத்தாமல் நாலைந்து தடவை இழுத்தால் வளைவின் விளிம்பு பிசிறில்லாமல் வரும். வளைவுக்கு அடியில் வருகிற பட்டைக்கு, பின்பக்கம் 2 மில்லிமீட்டருக்கு ஒரு கோடு அரைகுறையாகக் கீறிவிட்டால் தானே வளைந்து கொடுக்கும். பெயின்டையும் நன்றாகக் குடிக்கும், கருங்கல்லின் அந்த மங்கல் சாம்பல் நிறம் இரண்டு தடவை அடித்தாலே வந்துவிடுகிறது.

எல்லாம் ஆனி பிறக்கும்வரை. செங்கோட்டையில் சாரல் எப்படி இருக்கும் என்று இந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டாம்; ஆரியங்காவு கணவாய் வழியாக வருகிற காற்றில் துணியே மூன்று நாள் காயாது. ஒரு நாள் காலையில் பார்த்தால் பக்கச்சுவர் இரண்டும் பொரித்த அப்பளம் மாதிரி வளைந்து, நடுத்தூணை விட்டு ஒரு விரல்கடை விலகி நிற்கின்றன. தப்பு என்னுடையதுதான். வெளிப்பக்கம் மட்டும் பெயின்ட் அடித்து உள்பக்கத்தை வெறும் அட்டையாக விட்டிருந்தேன். ஈரம் ஒரு பக்கம் மட்டும் ஏறினால் அந்தப் பக்கம் மட்டும்தான் உப்பும். ஒட்டுவதற்கு முன்னாலேயே இரண்டு பக்கமும் வார்னிஷ் அடித்திருக்க வேண்டும்.

மச்சானின் பாலம் அசையவில்லை. சன் போர்டு என்பது பி.வி.சி. நுரைதானே, ஈரம் ஏறாது. கடைப் பெயர்ப்பலகை செய்கிற இடத்தில் கழித்துப்போட்ட துண்டுகளை வாங்கி வந்திருக்கிறான். தீர்ந்துபோன பால்பாயின்ட் பேனாவால் அழுத்திக் கோடு போட்டால் கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் காரை போன மாதிரியே பள்ளம் விழுகிறது. இதில் எனக்குப் பொறாமைதான், அட்டையில் அந்த ஆழம் வராது. வளைவுப் பட்டையை வெந்நீரில் முக்கி, பாட்டில் மேல் சுற்றி ஆறவிட்டால் அப்படியே நின்றுவிடும்.

ஆனால் அவன் பாடும் சுலபமில்லை. ஃபெவிகால் காய்ந்ததும் உரித்துக்கொண்டு வந்துவிட்டது; பிளம்பர் குழாய்க்குப் போடுகிற சொல்யூஷனைத் தொட்டும் தொடாமலும் வைத்து ஒட்டினான், கொஞ்சம் கூடினால் நுரையையே தின்றுவிடும். உப்புக் காகிதம் போடாமல், பிரைமர் அடிக்காமல் நேரே பெயின்ட் அடித்தான். மாஸ்கிங் டேப்பை எடுத்தபோது மூன்று கண்ணுக்கான கல் நிறம் டேப்போடு போய்விட்டது. "எனக்கு அப்பளம், உனக்குப் பாம்புச் சட்டையா மாப்ளே" என்று கேட்டேன், பதிலில்லை. சூட்டுக் கத்தியால் வெட்டலாமா என்று யோசித்தவனை நான்தான் தடுத்தேன், பி.வி.சி. கருகினால் வருகிற புகை நெஞ்சுக்கு ஆகாது.

மலைக்கு அந்தப் பக்கமோ இந்தப் பக்கமோ இருப்பவர்கள் சுவருக்கு சன் போர்டே எடுங்கள், கண்ணை மூடிக்கொண்டு. மதுரை மாதிரிக் காய்ந்த ஊர் என்றால் அட்டையே போதும், வேலையும் பாதி. நான் சுவர்களைக் கழற்றிவிட்டு அவனிடமிருந்தே துண்டுகள் வாங்கி வந்துவிட்டேன். தண்டவாளம் போகிற மேல்தளம் மட்டும் இன்னும் மவுண்ட் போர்டுதான், மூன்று கோட் வார்னிஷோடு. ஐந்தாவது கண்ணில் கல் கீறிக்கொண்டிருக்கிறேன்.