289 யூரோ போச்சு: ஆங்கில ரியூசன் என்று காசு கட்டுமுன் இதை வாசியுங்கள்

நேற்று மகளின் ஆங்கிலப் பரீட்சைத் தாள் கைக்கு வந்தது. ஐந்து. ஜேர்மனியில் ஒன்றுதான் உச்சம், ஆறு அடிமட்டம், ஆகவே ஐந்து என்றால் என்னவென்று இங்கே பிள்ளை வளர்க்கிறவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ரியூசனுக்கு முன் அவள் நான்கில் இருந்தாள். 289 யூரோ கட்டி ஐந்துக்கு இறக்கியிருக்கிறேன். வயிறு எரிகிறது.

பெயர் போடப் போவதில்லை. ஒன்லைனில் பாடம் நடத்தும் ஒரு தளம், 'டொச் (ஜேர்மன் மொழி) பேசும் பிள்ளைகளுக்கென்றே தயாரித்த ஆங்கில இலக்கணம்' என்று விளம்பரம். மகள் பத்தாம் வகுப்பு, வருட முடிவில் மாநிலம் முழுக்க ஒரே கேள்வித்தாளோடு நடக்கும் பரீட்சை இருக்கிறது, அந்தப் பயத்தில் இருந்த நேரம் பார்த்து வந்தது. இலவச அறிமுக வகுப்பு என்று ஒரு பெண் வீடியோவில் வந்தார். என்னிடம் அல்ல, முதலில் மகளிடம்தான் கதைத்தார், அவளுக்கு என்ன பாட்டுப் பிடிக்கும் என்றெல்லாம் கேட்டார். பிறகு என்னிடம், "பிள்ளை கெட்டிக்காரி, அவளுக்கு டென்ஸ் மட்டும்தான் பிரச்சினை, அதிலும் ஃபியூச்சர் பர்ஃபெக்ட், ஆறு கிழமையில் சரி செய்துவிடலாம், ஒவ்வொரு பயிற்சியையும் நானே திருத்துவேன்" என்றார். ஃபியூச்சர் பர்ஃபெக்ட் என்றால் 'நாளைக்குள் முடித்திருப்பேன்' என்று சொல்லும் வடிவம். என் பெயரைக்கூட ஒழுங்காக உச்சரித்தார். இருபத்தைந்து வருடமாக இங்கே இருக்கிறேன், என் முழுப் பெயரை முதல் தடவையிலேயே சரியாகச் சொன்னவர்களை விரல் விட்டு எண்ணலாம். அங்கேதான் விழுந்தேன். 389 யூரோ, இன்றே கட்டினால் 289, அதுவும் பேபாலில் 'நண்பர்கள், குடும்பத்தினர்' என்று போட்டு அனுப்பினால் கட்டணம் வெட்டாது, அந்த மிச்சத்தைத்தான் உங்களுக்குக் கழிவாகத் தருகிறோம் என்றார். சரி என்று அனுப்பினேன். அந்தப் பெண்ணை அதற்குப் பிறகு நாங்கள் பார்க்கவே இல்லை.

வந்தது பன்னிரண்டு வீடியோ. பயிற்சி எழுதி அனுப்பினால் ஒரு நிமிடத்துக்குள் 'சூப்பர்!' என்று பதில். ஒரு நிமிடத்தில் எந்த மனுஷி இருபது வசனம் திருத்துவார் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை.

நேற்று தாளோடு சமையலறையில் உட்கார்ந்தோம். சிவப்பு மையில் ரீச்சர் போட்டிருந்த இடமெல்லாம் அந்த வீடியோ சொல்லிக் கொடுத்த இடம். 'டொச்சில் எப்படியோ அப்படியே ஆங்கிலத்திலும் போடு' என்பதுதான் அவர்களுடைய முழு வித்தை. முடிந்ததைச் சொல்ல டொச்சில் பெரும்பாலான வினைக்கு ஹாபென் (ஆங்கில ஹாவ்), போவது வருவதற்கு ஸைன் (ஆங்கில பி). 'எட்டு மணிக்குள் ரயில் போயிருக்கும்' என்பதற்கு டொச்சில் கடைசியில் ஸைன் வரும், அதைப் பார்த்து மகள் 'தி ட்ரெயின் வில் பி லெஃப்ட்' என்று எழுதியிருக்கிறாள். ஆங்கிலத்தில் எந்த வினையானாலும் வில் ஹாவ்தான், அதற்குப் பின் வினையின் மூன்றாம் வடிவம். 'வில் ஹாவ் லெஃப்ட்.' அவ்வளவுதான் விஷயம். அதைச் சொல்லத்தான் 289 யூரோ வாங்கினார்கள், அதைத்தான் சொல்லவில்லை.

அடுத்தது இன்னும் மோசம். 'வெள்ளிக்குள் என் புரொஜெக்டை முடித்திருப்பேன்' என்பதை 'பிஸ் ஃப்ரைட்டாக் ஹாபெ இஷ் மைன் ப்ரொயெக்ட் ஃபெர்டிக்' என்று டொச்சில் சாதாரணமாகச் சொல்வார்கள், எதிர்காலம் என்று தனியாக ஒன்றும் போடமாட்டார்கள். இவள் 'அன்டில் ஃப்ரைடே ஐ ஹாவ் ஃபினிஷ்ட்' என்று எழுதினாள், வீடியோவிலும் அதே மாதிரி வசனம். சரியானது 'பை ஃப்ரைடே ஐ வில் ஹாவ் ஃபினிஷ்ட்'. டொச்சில் பிஸ் என்ற ஒரே சொல் பை, அன்டில் இரண்டுக்கும் ஓடும், பிள்ளைகள் குழம்புவதே அங்கேதான். நான் மகளிடம் கேட்டேன், "வெள்ளிக்குள்ள எண்டதும் வெள்ளிவரை எண்டதும் ஒண்டா?" அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, "இல்லை அப்பா, வெள்ளிவரை எண்டா அதுவரைக்கும் செய்துகொண்டே இருக்கிறது" என்றாள். பை என்பது -க்குள், அன்டில் என்பது -வரை. முடிந்தது. டொச்சில் இல்லாத பிரிவு வீட்டில் பேசுகிற தமிழில் இருக்கிறது. அது மட்டுமில்லை, 'முடித்திருப்பேன்' என்பதும் 'வந்திருப்பான்' என்று ஊகமாகச் சொல்வதும் தமிழில் ஒரே வடிவம், ஆங்கிலத்திலும் அப்படித்தான்: 'ஹீ வில் ஹாவ் அரைவ்ட் பை நவ்' என்றால் இந்நேரம் வந்து சேர்ந்திருப்பான். டொச்சிலும் இந்த ஊகம் உண்டு, 'எர் விர்ட் வோல் ஷோன் அங்கெகொமென் ஸைன்'. வீடியோவில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பத்து நிமிடத்தில் அவளுக்கு விளங்கிவிட்டது, எனக்குத்தான் தாங்கவில்லை.

காசைத் திருப்பிக் கேட்டு எழுதியது மூன்று கிழமைக்கு முன். முதல் பதில், பொறுமைக்கு நன்றி. இரண்டாவது, பாடத்தை உடனே தொடங்கச் சம்மதித்து ஒரு பெட்டியில் டிக் போட்டிருக்கிறீர்கள், ஆகவே 14 நாளில் விலகும் உரிமை போய்விட்டது. தொலைபேசி எண்ணில் இசை மட்டும்தான். வட்ஸ்அப்பில் நீல டிக் விழும், பதில் வராது. கடைசியாக ஆங்கிலத்தில் ஒரு மெயில்: 'வீ வில் ஹாவ் ரிஃபண்டெட் யூ அன்டில் ஃப்ரைடே.' மகளிடம் காட்டினேன். "அப்பா, இதுவே பிழை" என்று சிரித்தாள். அந்த வெள்ளியும் போய் இன்னொரு வெள்ளியும் போய்விட்டது. 289 யூரோ வரவில்லை.

எல்லாம் விரிவாக எழுத நினைத்தேன், இப்போது முடியவில்லை, அவசரமாகச் சொல்கிறேன். பேபாலில் முன்பின் தெரியாத யாருக்கும் 'நண்பர்கள்' வழியில் அனுப்பாதீர்கள், அதற்குப் பாதுகாப்பு இல்லை. வங்கிக் கணக்கிலிருந்து அவர்களே எடுக்கும் லாஸ்ட்ஷ்ரிஃப்ட் என்றால் எட்டுக் கிழமைக்குள் திருப்பி எடுக்கலாம், நான் அதைச் செய்திருக்க வேண்டும். அந்தச் சின்னப் பெட்டியில் டிக் போடுமுன் வாசியுங்கள். ஜேர்மனியில் பல தொலைக்கல்விப் பாடங்களுக்குக் கொல்னில் உள்ள ZFU என்ற அரச தொலைக்கல்வி அலுவலகத்தின் அனுமதி வேண்டும், அந்த அனுமதி இலக்கத்தைக் கேளுங்கள். நான் திங்கட்கிழமை ஃபெர்பிராவ்ஹர்சென்ட்ராலெ என்ற நுகர்வோர் ஆலோசனை நிலையத்துக்குப் போகிறேன், தாள்களெல்லாம் எடுத்து வைத்துவிட்டேன்.

இன்று காலையும் அவர்களிடமிருந்து மெயில் வந்தது. அடுத்த பாடத்துக்குப் பத்து வீதம் கழிவாம்.