டிரெய்லர் ஜன்னல் ஒழுகுதா? பியூட்டைல் டேப் வாங்கலாமா வேணாமா

மொதல்லயே மார்க் சொல்லிடறேன், அஞ்சுக்கு நாலு. ஒரு மார்க் ஏன் போச்சுன்னு கீழ வரும். டிராவல் டிரெய்லர்ல, அதான் கார் பின்னாடி மாட்டி இழுத்துட்டுப் போற வீட்டு வண்டியில, ஜன்னல் ஒழுகுதுன்னு கடையில போய் நின்னா வரிசையா ஒழுகலை அடைக்கிற சீலன்ட் பசையை டியூப் டியூபா காட்டுவாங்க, அதுல எதுலயும் கை வைக்காம நேரா பியூட்டைல் டேப் ரோல் ஒண்ணை எடுத்துட்டு வாங்கன்னுதான் நான் சொல்வேன். ஆனா ஒரு கண்டிஷன், ஜன்னலை ஃபிரேமோட வெளிய எடுக்க நீங்க தயாரா இருக்கணும். அதெல்லாம் கழட்ட மாட்டேன், வெளியில நின்னு சுத்தி எதையாச்சும் அப்பிட்டு போயிடுவேன்னு சொல்றவங்களுக்கு இந்த டேப்பால ஒரு பிரயோஜனமும் இல்ல, வாங்காதீங்க.

பேருதான் டேப்பு. ரோலைப் பிரிச்சா மென்னு முடிச்ச சூயிங் கம் பதத்துல சாம்பல் கலர்ல ஒரு பட்டை, ஒரு பக்கம் பேப்பர் ஒட்டியிருக்கும், அவ்ளோதான். வெள்ளையிலயும் கருப்புலயும் கூட கிடைக்குது. அகலம் முக்கால் இஞ்ச், கனம் 1/8 இஞ்ச், நீளம் 30 அடி, இதுதான் பொதுவா கிடைக்கிற சைஸ். பியூட்டைல்ங்கறது ஒரு செயற்கை ரப்பர், டயருக்குள்ள போடுற டியூப் செய்யறதும் இதே ரப்பர்லதான், காத்தும் ஈரமும் அவ்ளோ சுலபமா ஊடுருவாதுங்கறதால. இந்த டேப்போட குணம் என்னன்னா இது காயவே காயாது, வருஷக்கணக்கா பிசுபிசுன்னு அப்படியே இருக்கும். டிரெய்லருக்கு அதுதான் வேணும், ஏன்னா ரோட்டுல போறப்ப முழு உடம்பும் முறுக்கிக்கிட்டும் குலுங்கிக்கிட்டும்தான் போகும், அந்த நேரத்துல சுவரும் ஃபிரேமும் கொஞ்சம் கொஞ்சம் நகரும், இறுகிப்போன பொருள் எதுவா இருந்தாலும் அங்க விட்டுப் பிரியும்.

பழைய டிரெய்லர்கள்ல ஜன்னல் ஃபிரேமுக்கும் சுவருக்கும் நடுவுல பெரும்பாலும் புட்டி டேப் இருக்கும். பார்க்க ரெண்டும் ஒரே மாதிரி இருக்கும், விலையும் புட்டி கம்மி, அதனால பலபேரு மாத்தி வாங்கிடறாங்க. புட்டியில இருக்கிற எண்ணெய் நாள்பட வத்திப்போய் பாளம் பாளமா வெடிச்சிடும், விரல்ல அழுத்தினா பொடியா உதிரும். என் ஜன்னல்லயும் அதான் கதை. டைனிங் மேஜைக்கு மேல இருக்கிற ஜன்னல், உள்பக்கம் கீழ் மூலையில டீ கறை மாதிரி ஒரு பழுப்பு, அப்புறம் சுவர்ல ஒட்டியிருக்கிற வால்பேப்பர் மெல்ல உப்ப ஆரம்பிச்சது, கையால அழுத்தினா உள்ள பிளைவுட் பொதபொதன்னு இருந்தது. டிரெய்லரை எனக்கு முன்னாடி வெச்சிருந்தவரு அதுக்கு வைத்தியம் பண்ணியிருக்காரு, வெளியில ஃபிரேமைச் சுத்தி விரல் தடிமனுக்கு சிலிக்கான் அப்பி, அது மேலயே இன்னொரு கோட்டு வேற. புண்ணியவான், அதை எடுக்கத்தான் எனக்கு நேரமெல்லாம் போச்சு.

வெளியில அப்புறது ஏன் நிக்காதுன்னு புரிய ஜன்னல் எப்படி நிக்குதுன்னு தெரியணும். இந்த ஜன்னல் ரெண்டு பாகம். வெளிப்பக்கம் கண்ணாடியோட சேர்ந்த அலுமினிய ஃபிரேம், அதுக்கு ஒரு விளிம்பு இருக்கும், அந்த விளிம்பு வெளிச்சுவர் மேல உக்காரும். உள்பக்கம் ஒரு வளையம், அதுல சுத்திலும் ஸ்க்ரூ. ஸ்க்ரூவை முறுக்க முறுக்க உள் வளையமும் வெளி ஃபிரேமும் சுவரை நடுவுல வெச்சு இறுக்கிப் பிடிக்கும். தண்ணியைத் தடுக்கறது விளிம்புக்கும் சுவருக்கும் நடுவுல நசுங்கி இருக்கிற அந்த டேப்தான், வெளியில தெரியற சிலிக்கான் வரி வெறும் மேல்பூச்சு. உள்ள இருக்கிற டேப் செத்துப்போச்சுன்னா மேல்பூச்சுல மயிரிழை விரிசல் விட்டாலே தண்ணி உள்ள போயிடும், இதுல இன்னொரு கொடுமை, உள்ள போன தண்ணி திரும்பி வெளிய வர வழியையும் அதே சிலிக்கான்தான் அடைச்சு வெச்சிருக்கும். அது சுவருக்குள்ளயே தங்கி சட்டத்தை ஊறவெச்சு அழுக வைக்கும்.

ஒரு விஷயம், ஃபிரேமோட கீழ்ப்பக்கம் சின்னச் சின்ன ஓட்டை இருக்கும், அது தண்ணி வடியறதுக்காகவே விட்டது. அங்கதான் ஒழுகுதுன்னு நெனச்சு அதையும் அடைச்சு வெச்சவங்களை நான் பாத்திருக்கேன். அதை மட்டும் தொடாதீங்க, முடிஞ்சா ஒரு பல்குத்தி விட்டு அழுக்கைக் கிளறி விடுங்க. சில சமயம் ஒழுகலுக்குக் காரணமே அந்த ஓட்டை தூசியால அடைச்சுக்கிட்டதுதான்னு முடிஞ்சிடும், டேப்பே வாங்க வேணாம்.

டேப் ஆர்டர் போடறதுக்கு முன்னாடி ஒழுகறது ஜன்னல்தானான்னு பாத்துக்கோங்க. ஜன்னல் மூலையில தண்ணி தெரிஞ்சா ஜன்னல்தான் குத்தவாளின்னு அர்த்தம் இல்ல. கூரை ஓரத்துல ஓடற பட்டை, ராத்திரியில வண்டியோட ஓரம் தெரிய மேல வெச்சிருக்கிற மார்க்கர் லைட்டு, ஆனிங்ங்கற நிழல் துணி மாட்டியிருக்கிற ரெயில், இதுல எங்க உள்ள போனாலும் தண்ணி சுவருக்குள்ளயே எறங்கி வந்து ஜன்னல் வெட்டின எடத்துல எட்டிப் பாக்கும். ஹோஸ் பைப்பை வெச்சு டெஸ்ட் பண்றப்ப கீழ இருந்து மேல போகணும், மொதல்ல ஜன்னலோட கீழ் விளிம்பு, அப்புறம் பக்கவாட்டு, அப்புறம் மேல் விளிம்பு, கடைசியா கூரை ஓரம், ஒவ்வொரு எடத்துலயும் சில நிமிஷம் நிதானமா விட்டு உள்ள ஒரு ஆள் டார்ச் அடிச்சுப் பாக்கணும். மேல இருந்து ஆரம்பிச்சா எல்லாமே நனைஞ்சு ஒண்ணும் கண்டுபிடிக்க முடியாது. பிரஷர் வாஷர் வேணவே வேணாம், அந்த வேகத்துக்கு நல்லா இருக்கிற ஜன்னலே ஒழுகும்.

குளிர் காலத்துல மட்டும் காலையில எழுந்தா தண்ணி நிக்குதுன்னா அது ஒழுகலே இல்லாம வெறும் வேர்வையா இருக்கலாம். டிரெய்லர் அடுப்புல எரியற புரோபேன் கேஸ் ஒரு கிலோ எரிஞ்சா ஒன்றரை கிலோவுக்கு மேல நீராவி வரும், உள்ள அடுப்பை எரிச்சுக்கிட்டு மூச்சும் விட்டுக்கிட்டு எல்லாத்தையும் மூடி வெச்சிருந்தா அதெல்லாம் சில்லுனு இருக்கிற ஒத்தைக் கண்ணாடியிலதான் போய்ப் படியும். அதுக்கு எந்த டேப்பும் மருந்து இல்ல, வென்ட்டைக் கொஞ்சம் தொறந்து வைங்க.

சரி, வேலைக்கு வருவோம். உள் வளையத்து ஸ்க்ரூ எல்லாம் கழட்டறதுக்கு முன்னாடி வெளிய கண்டிப்பா ஒரு ஆள் நிக்கணும், பழைய பசை சில சமயம் சட்டுனு விட்டுடும், ஜன்னல் மொத்தமா வெளிப்பக்கம் சாயும். என் தம்பியை நிக்க வெச்சிருந்தேன், அவன் "அண்ணே கை வலிக்குது, கழட்டறியா இல்ல உள்ள தூங்கறியா"ன்னு கேட்டுக்கிட்டே இருந்தான். எனக்கு அங்க சிலிக்கான் பிடிச்சுக்கிட்டு வரவே மாட்டேன்னு அடம். பிளாஸ்டிக் பிளேடும் பிளாஸ்டிக் ஸ்கிரேப்பரும் மட்டும்தான் யூஸ் பண்ணணும், இரும்பு பிளேடு வெச்சா ஃபைபர் கிளாஸ் மேல கீறல் விழுந்துடும். சிலிக்கான் மேல வேற எதுவுமே ஒட்டாது, புது சிலிக்கான் கூட பழைய சிலிக்கான் மேல ஒழுங்கா ஒட்டாது, அதனால மிச்சம் மீதி இல்லாம எடுத்தாகணும், அதுக்குன்னு சிலிக்கான் ரிமூவர் தனியா விக்குது. புட்டி மிச்சத்துக்கு மினரல் ஸ்பிரிட்ஸ்ங்கற கரைப்பான் போதும், கடைசியா ஐசோபுரோபைல் ஆல்கஹால்ல ஒரு தொடை. கண்ட தின்னரை ஊத்தினா ஸ்டிக்கர் டிசைன், பெயின்ட் எல்லாம் கையோட வந்துடும்.

ஜன்னலை எடுத்த பிறகு உள்ள தெரியற மரச்சட்டத்தைப் பாத்தா அவசரமா மூட மனசு வராது. மரத்துல எவ்ளோ ஈரம்னு காட்டற மாய்ஸ்ச்சர் மீட்டர் இருந்தா குத்திப் பாருங்க, 20 சதவீதத்துக்கு மேல காட்டுச்சுன்னா இன்னும் ஓதம் இருக்கு, ஃபேன் போட்டு நல்லா காய விடுங்க, அதுவரைக்கும் ஓட்டைய பிளாஸ்டிக் ஷீட்டால மூடி வைங்க. ஈரத்தோட மூடிட்டா இந்த டேப் அந்த ஈரத்தையும் உள்ளயே பூட்டி வெச்சிடும்.

டேப் ஒட்டறது சுலபமான பகுதி. சுவர்ல ஒட்டாம ஃபிரேமோட விளிம்புல ஒட்டணும், கீழ்ப்பக்கம் நடுவுல ஆரம்பிச்சு சுத்தி வந்து அங்கயே முடிக்கணும், ஜாயின்ட் மேல் பக்கம் வந்தா தண்ணிக்கு வழி காட்டின மாதிரி ஆயிடும். மூலையில திரும்பறப்ப இழுக்காதீங்க, இழுத்தா அங்க மெலிஞ்சு போகும், ஒழுகறதே பெரும்பாலும் மூலையிலதான். பேப்பரை உரிச்சிட்டு ஜன்னலை ஓட்டைக்கு நேரா வெச்சு ஒரே தடவையில அழுத்தணும், ஒட்டின பிறகு நகத்திக்கலாம்னா நடக்காது, பிடிச்சா பிடிச்சதுதான். ஸ்க்ரூவை கையால முறுக்குங்க, பவர் டிரில் வேணாம், எதிர் எதிர் மூலையா மாத்தி மாத்தி கொஞ்சம் கொஞ்சமா.

முறுக்க முறுக்க விளிம்புக்கு வெளிய சாம்பல் கலர் பிதுங்கி வரும் பாருங்க, சுத்திலும் ஒரே அளவுல வந்துச்சுன்னா சீல் ஆயிடுச்சுன்னு கண்ணாலயே தெரியும். வெளியில நின்னு டியூப்ல அடிக்கிற சீலன்ட்ல இந்த வசதி கிடையாது, உள்ள போச்சா இல்லையான்னு தெரியாது. எங்கயாச்சும் பிதுங்கலேன்னா அந்த எடத்துல டேப் பத்தலைன்னு அர்த்தம், கழட்டி இன்னொரு துண்டு வைக்கலாம். அன்னிக்கே வெட்டிடாதீங்க, ரெண்டு மூணு நாள் வெயில்ல நின்னா இன்னும் கொஞ்சம் பிதுங்கும், ஸ்க்ரூவும் லூஸாகும், மறுபடி ஒரு சுத்து இறுக்கிட்டு அப்புறம் பிளாஸ்டிக் ஸ்கிரேப்பரால வெட்டி எடுங்க.

இப்ப அந்த ஒரு மார்க். வெயில் ஜாஸ்தியா இருந்தா இந்த டேப் இளகி பேப்பரை விடவே விடாது, உரிக்கிறப்ப நூல் நூலா இழுத்துக்கிட்டு கை, சட்டை, ஜன்னல் கண்ணாடி எல்லாத்துலயும் ஒட்டும். அப்ப ரோலை கொஞ்ச நேரம் ஃபிரிட்ஜ்ல வெச்சு எடுத்தா சொன்னபடி கேக்குது. குளிர்ல அதுக்கு நேர் எதிர், கட்டையாகி ஒட்டவே ஒட்டாது, ஹேர் டிரையர் காட்டணும். வெட்டின ஓரத்துல தூசி வந்து ஒட்டி ஜன்னலைச் சுத்தி கருப்பா ஒரு கோடு விழுது, எவ்ளோ தொடைச்சாலும் திரும்ப வரும். அதுக்காகவும், டேப் மேல வெயில் நேரா படாம இருக்கறதுக்காகவும் மேல் பக்கமும் ரெண்டு சைடும் மெலிசா ஒரு வரி ஆர்வி சீலன்ட், அதான் இந்த மாதிரி வீட்டு வண்டிக்குன்னே விக்கிற சீலன்ட், அடிச்சு விட்டேன், கீழ்ப்பக்கம் வேணும்னே விட்டுட்டேன், தப்பித்தவறி தண்ணி போனாலும் கீழ வடியட்டும். அந்த சீலன்ட் சுவருக்கு ஆனதான்னு பாத்து வாங்குங்க. டைகார் மாதிரி கம்பெனிகள்ல தானா பரவற டைப்பும் வருது, வழியாம நிக்கற டைப்பும் வருது, பரவறது கூரைக்கு மட்டும்தான், சுவர்ல அடிச்சா அப்படியே ஒழுகி கீழ வந்துடும்.

கண்ணாடிக்கும் ஃபிரேமுக்கும் நடுவுல இருக்கிற ரப்பர் சுருங்கி அது வழியா தண்ணி வந்தா இந்த டேப் எதுவும் பண்ணாது, அந்த ரப்பரைத்தான் மாத்தணும். ரெட்டைக் கண்ணாடிக்கு நடுவுல பனி படிஞ்சாலும் அப்படித்தான், அது வேற வியாதி.

அளவுக்கு வருவோம். 30க்கு 22 இஞ்ச் ஜன்னல்னா சுத்தளவு 104 இஞ்ச், 9 அடிக்குள்ள, அப்ப ஒரு ரோல்ல அந்த சைஸ் ஜன்னல் மூணு தாராளமா வரும். வெளிச்சுவர் வரிவரியா மடிஞ்ச அலுமினியத் தகடா இருந்தா பள்ளத்தை நிரப்ப ரெண்டு அடுக்கு போடணும், அப்ப ஒரு ரோலுக்கு ஒரு ஜன்னல்னு கணக்கு வெச்சுக்கோங்க. வாங்கறப்ப ரோல் மேல பியூட்டைல்னு போட்டிருக்கான்னு படிச்சுப் பாருங்க, வெறுமனே சீலிங் டேப்னு மட்டும் இருந்தா அது புட்டியா கூட இருக்கலாம், திருப்பி வெச்சிடுங்க.