எம்.டி.யா, டி.என்.பி.யா: டி.எம். சீட்டுக்கு எது வழி?

கார்டியாலஜி அல்லது மெடிக்கல் காஸ்ட்ரோவில் (வயிறு, குடல், கல்லீரல்) டி.எம். என்ற சூப்பர் ஸ்பெஷாலிட்டி பட்டம் சேரும் நினைப்போடு ஜெனரல் மெடிசின் எடுப்பவர்களுக்குக் கவுன்சிலிங் நேரத்தில் வரும் குழப்பம் இதுதான்: அரசு மருத்துவக் கல்லூரியில் எம்.டி.யா, பெரிய தனியார் மருத்துவமனையில் தேசியத் தேர்வு வாரியம் தரும் டி.என்.பி.யா? இரண்டும் மூன்று வருடம். டி.எம். நுழைவுத் தேர்வான நீட் எஸ்.எஸ். எழுத இரண்டுமே தகுதிதான்.

முதலில் தேர்வு. 150 கேள்விகள், சரிக்கு 4, தப்புக்கு மைனஸ் 1. முன்பு 60 சதவீதம் சூப்பர் ஸ்பெஷாலிட்டி பாடத்திலிருந்து வந்தது. 2021இல் கடைசி நேரத்தில் இதை மாற்றப் போய், சுப்ரீம் கோர்ட்டில் மத்திய அரசு வாங்கிக் கட்டிக்கொண்ட பின் அடுத்த தேர்வுக்குத் தள்ளினார்கள். இப்போது முழுக்க ஜெனரல் மெடிசின். நேர்காணல், சிபாரிசுக் கடிதம், ஆராய்ச்சிக் கட்டுரை எதற்கும் மார்க் கிடையாது. அமெரிக்காவில் கார்டியாலஜி ஃபெல்லோஷிப்புக்கு விண்ணப்பிப்பவர் இவற்றுக்காகத்தான் முதல் வருடத்திலிருந்தே அலைகிறார். இங்கே ரேங்க் ஒன்றே பேசும்.

அப்படியானால் படிக்க நேரம் தரும் இடமே நல்ல இடம் என்று தோன்றும். அந்தக் கணக்கில் டி.என்.பி. முன்னே நிற்கும். வார்டில் கூட்டம் குறைவு. எக்கோ, எண்டோஸ்கோபி, ஆஞ்சியோ செய்யும் கேத் லேப் எல்லாம் பக்கத்திலேயே இருக்கும். புத்தகத்தில் இருக்கும் டெஸ்ட் நோயாளிக்கும் நடக்கும். கேள்வித்தாளும் அந்த மாதிரி மருத்துவத்தைத்தான் கேட்கிறது. ஆனால் நோயாளி, கன்சல்டன்ட் எனும் மூத்த டாக்டருடையவர். முடிவெடுப்பவர் அவர், பிஜி (முதுநிலை மாணவர்) டிஸ்சார்ஜ் சம்மரி எழுதுவார். தவிர, கடைசித் தேர்வைத் தேசிய வாரியமே நடத்துகிறது. அதில் தவறினால் டி.எம். கனவும் தள்ளிப்போகும்.

அரசு மருத்துவமனையின் அட்மிஷன் டே, அதாவது யூனிட் புது நோயாளிகளைச் சேர்க்கும் நாள், வேறு உலகம். பூச்சிமருந்து, பாம்புக்கடி, ஸ்க்ரப் டைஃபஸ் காய்ச்சல், ருமாட்டிக் இதய வால்வு நோய் எல்லாம் ஒரே ராத்திரியில் வரும். அரளி விதையை அரைத்துக் குடித்து ஹார்ட் பிளாக்கோடு வந்தவருக்கு அட்ரோபின் போட்டு, டெம்பரரி பேஸிங் (தற்காலிக பேஸ்மேக்கர்) தேவையா என்று ஈ.சி.ஜி.யை வைத்து விடிய விடிய முடிவெடுத்த பிஜிக்கு, அந்தப் பாடத்தை இன்னொரு தடவை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. இதற்குக் கொடுக்கும் விலையும் சின்னதல்ல. முதல் வருடம் பாதி, ரத்த சாம்பிளைத் தூக்கிக்கொண்டு லேபுக்கு ஓடுவதிலேயே போகும். அதைப் பயிற்சி என்று சொல்வது அநியாயம். மாவட்ட மருத்துவமனையில் வேலை பார்க்கும் மூன்று மாத மாவட்ட ரெசிடென்சியில்தான் பலர் புத்தகத்தை ஒழுங்காகத் திறக்கிறார்கள்.

என் ஓட்டு அரசு எம்.டி.க்குத்தான். விரும்பிய டி.எம். முதல் தடவையே கிடைக்காமல், எம்.டி. முடித்துச் சீனியர் ரெசிடென்டாக வேலை பார்த்துக்கொண்டே படித்து மறுபடி எழுதுபவர்கள் நிறைய. விட்ட படிப்பை அந்த வருடத்தில் பிடித்துவிடலாம். விட்ட ராத்திரிகளைப் பிடிக்க முடியாது. எய்ம்ஸ், ஜிப்மர், பி.ஜி.ஐ. போன்றவற்றுக்கான தனி நுழைவுத் தேர்வான ஐ.என்.ஐ. எஸ்.எஸ்.ஸில் எழுத்துத் தேர்வுக்குப் பிறகு துறை நடத்தும் இரண்டாம் கட்டம் உண்டு. கேஸ் பார்த்த கை அங்கேதான் தெரியும்.

தமிழ்நாட்டில் இன்னொரு கணக்கும் உண்டு. அரசுக் கல்லூரி சூப்பர் ஸ்பெஷாலிட்டி இடங்களில் 50 சதவீதம் அரசுப் பணியில் இருக்கும் மருத்துவர்களுக்கு. 2020இல் அரசாணை வந்தது. 2022இல் சுப்ரீம் கோர்ட் அனுமதித்தது. இதில் எம்.டி., டி.என்.பி. பேதமில்லை, அரசு வேலையில் இருக்க வேண்டும். அரசுப் பணிக்குப் போகும் எண்ணம் இருப்பவர் இதையும் சேர்த்துப் பார்க்கட்டும்.

டி.என்.பி.தான் கிடைக்கிறது என்றால் மருத்துவமனையின் பெயரைப் பார்த்து மயங்க வேண்டாம். அங்கே இப்போது படிக்கும் இரண்டாம் வருட பிஜியிடம் கேளுங்கள்: ஐ.சி.யு.வில் சென்ட்ரல் லைன் (பெரிய ரத்தக் குழாயில் போடும் குழாய்) போடுவது நீங்களா, கன்சல்டன்டா? கார்டியாலஜியில் டிஆர்.என்.பி. (வாரியத்தின் சூப்பர் ஸ்பெஷாலிட்டி படிப்பு) மாணவர்கள் இருந்தால், போஸ்டிங்கில் எக்கோ புரோப் உங்கள் கைக்கு வருகிறதா? கடந்த மூன்று பேட்சில் யார் யாருக்கு எங்கே சீட் கிடைத்தது? கடைசிக் கேள்விக்குப் பெயர் பெயராகப் பதில் வந்தால் அந்த இடத்தை லிஸ்டில் மேலே போடலாம்.